செகூராவின் பெயருக்கு நேரே இரண்டு எழுத்துகள்: ஒலிம்பீடியா இணையதளம் குறித்து ஒரு மதிப்புரை

ஒலிம்பிக் வரலாற்றை நெடுங்காலமாகத் தொகுத்துவரும் ஆர்வலர் குழு ஒன்று நடத்தும் ஒலிம்பீடியா, 2020ஆம் ஆண்டு முதல் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. வென்றவரின் பெயர் எங்கு தேடினாலும் கிடைக்கும். இத்தகைய தளத்தின் தரம் தோற்றவரைத் தேடும்போதுதான் தெரியும். ஆகவே மெக்சிகோவின் வேகநடை வீரர் பெர்னார்டோ செகூராவைத் தேடினேன்.

1996 அட்லாண்டா 20 கி.மீ. வேகநடையில் அவர் 1 மணி 20 நிமிடம் 23 விநாடியில் வெண்கலம் வென்றார். தங்கம் வென்ற எக்குவடோரின் ஜெபர்சன் பெரெஸுக்கும் அவருக்கும் இடைவெளி வெறும் 16 விநாடி. இத்தகவல் எங்கும் இருக்கும். நான் பார்க்க விரும்பியது 2000 சிட்னிப் போட்டியின் முடிவுப் பட்டியலை. அங்கு முதலிடத்தில் போலந்தின் ராபர்ட் கோர்செனியோவ்ஸ்கி 1:18:59 நேரத்துடன் இருக்கிறார். அடுத்து, நான்கு விநாடி பின்தங்கிய மெக்சிகோவின் நோயே எர்னாண்டஸ். செகூராவைக் காண அடிவரைக்கும் இறங்க வேண்டும். எல்லைக்கோட்டை முதலில் தொட்டவரின் பெயருக்கு நேரே தகுதி நீக்கத்தைக் குறிக்கும் 'டி.க்யூ.' என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே நிற்கின்றன.

வேகநடையில் ஒரு பாதமாவது எப்போதும் தரையைத் தொட்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்வைத்த கால், தரையைத் தொட்ட கணம் முதல் உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்காலில் மடங்கக் கூடாது. இதை நடுவர்கள் வெறுங்கண்ணால்தான் தீர்மானிக்கிறார்கள். அன்றைய விதிப்படி, மூன்று வெவ்வேறு நடுவர்களின் சிவப்பு அட்டைகள் தலைமை நடுவரிடம் சேர்ந்தால் வீரர் வெளியேற்றப்படுவார். மூன்றாவது அட்டை கடைசி நேரத்தில் வந்தால், வீரர் கோட்டைக் கடந்த பிறகே செய்தி அவரை எட்டக்கூடும். செகூராவுக்கு நேர்ந்தது அதுதான். மெக்சிகோ அதிபர் எர்னெஸ்டோ செடியோ தொலைபேசியில் வாழ்த்திக்கொண்டிருக்க, தங்கம் தனதென்று நம்பி அவர் பேசிக்கொண்டிருந்த வேளையில் அந்த முடிவு தெரிவிக்கப்பட்டது. தங்கத்தைப் பெற்ற கோர்செனியோவ்ஸ்கியும் 1992 பார்சிலோனா 50 கி.மீ. போட்டியில் இதே விதியால் மைதானத்தின் வாசலுக்கருகே வெளியேற்றப்பட்டவர் என்பதை, அவருடைய பெயரைச் சொடுக்கிப் பழைய பக்கத்துக்குப் போகும்போது உணர முடிகிறது. இன்னொன்றும் உண்டு: 1966இல் மெக்சிகோவுக்கு வந்து அந்நாட்டு வேகநடையைக் கட்டியெழுப்பிய பயிற்சியாளர் யெர்சி ஹவுஸ்லேபரும் போலந்துக்காரரே.

பெயரிலிருந்து போட்டிக்கும், போட்டியிலிருந்து இன்னொரு பெயருக்கும் இப்படித் தாவ முடிவதே இத்தளத்தின் பெரும் சிறப்பு என்பது என் கருத்து. படங்களையோ காணொளிகளையோ நம்பாமல் அட்டவணைகளால் அமைந்த இந்தத் தளம், பழைய நூலகப் பதிவேட்டைப் புரட்டும் மனநிறைவைத் தருகிறது.

ஆயினும், பெயருக்கேற்ப ஒலிம்பிக்கையே மையமாகக் கொண்ட தளம் இது என்பதை மறந்து, ஒரு வீரரின் முழுவாழ்வையும் இங்கே தேடக் கூடாது. செகூராவின் ஆகச்சிறந்த நாள் ஒலிம்பிக்கில் அமையவில்லை. 1994 மே 7 அன்று நார்வேயின் ஃபானாவில் ஓடுதளத்தில் 20,000 மீட்டரை 1:17:25.6 நேரத்தில் கடந்து அவர் படைத்த உலகச் சாதனை, இருபது ஆண்டுகளுக்கும் மேல் எவர் கைக்கும் எட்டவில்லை. அந்தப் பக்கத்தை அறிய விரும்புவோர் உலகத் தடகள அமைப்பின் தளத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒலிம்பீடியா ஆங்கிலத்தில் மட்டுமே இயங்குகிறது. ஆனால் முடிவுப் பட்டியல்களைப் படிக்கப் பெயர்களும் எண்களுமே போதும்.

செகூராவிலிருந்து தொடங்கிய நான், மெக்சிகோவின் பிற வேகநடை வீரர்களைப் பார்த்தபடி 1980 மாஸ்கோவுக்குச் சென்றேன். 1976 மான்ட்ரியலில் தங்கம் வென்ற டேனியல் பவுடிஸ்டா, அங்கும் முன்னிலையில் நடந்துகொண்டிருந்தபோது, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் மீதமிருக்கையில் வெளியேற்றப்பட்டார். அந்தப் பட்டியலின் அடியில் அவர் பெயருக்கு நேரேயும் அதே இரண்டு எழுத்துகள்தான்.