புளியங்கொட்டை வைத்து நாலு வருஷம்: சொந்தக் கார்டு செட்டில் 'பதுங்கல்' படுத்திய பாடு

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடுகிறவர்களில் பாதிப் பேர் என்றாவது ஒரு நாள் சொந்தமாகக் கார்டு எழுதிப் பார்ப்பார்கள். நானும் எழுதினேன். 120 கார்டு, எல்லாம் தமிழில். 1993-இல் வந்த முதல் செட்டிலேயே 295 கார்டு உண்டு, நமக்கு அவ்வளவு தெம்பில்லை. ஏ4 தாளில் ஒன்பது ஒன்பதாக அச்சடித்து, வெட்டி, பழைய கார்டின் மேல் வைத்து பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் செருகினால் ஆடத் தயார். இந்த நாலு வருஷத்தில் அதிகம் அடிபட்டது 'பதுங்கல்' என்று நான் உண்டாக்கிய கிரீச்சர் மெக்கானிக், அதாவது சண்டை போடும் பிராணிக் கார்டுகளுக்கான ஒரு விதி. பெரும்பாலும் அதைப் பற்றித்தான் இங்கே.

முதல் வடிவம் இது: போன டர்னில் இந்தக் கிரீச்சர் அட்டாக் பண்ணாமல் இருந்திருந்தால், இந்த டர்னில் அட்டாக் பண்ணும்போது +2/+0, அதாவது அடிக்கும் பலம் இரண்டு கூடும், தாங்கும் பலம் அப்படியே. புலி பதுங்குவது பாய்வதற்கு என்ற கணக்கு. தாளில் படிக்க அழகாக இருந்தது. மேசையில் மூன்று பதுங்கல் கிரீச்சர் சேர்ந்ததும் அக்கா பையன் கேட்டான்: "மாமா, இந்தத் தவளை போன டர்ன்ல அடிச்சுச்சா, பக்கத்துல இருக்கறது அடிச்சுச்சா?" எனக்கும் ஞாபகம் இல்லை.

ஞாபகக் குறைவாவது பரவாயில்லை. பெரிய ஓட்டை கணக்கில் இருந்தது. இரண்டு மனாவுக்கு (கார்டை இறக்கக் கொடுக்கும் விலை) 2/2 கிரீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்னுக்கு டர்ன் அடித்தால் இரண்டு டர்னில் 4 டேமேஜ். ஒரு டர்ன் பதுங்கிவிட்டு அடுத்ததில் அடித்தாலும் அதே 4. ஆனால் பதுங்குகிற டர்னில் அது டேப் ஆகாமல், அதாவது களைத்துச் சாயாமல், வீட்டில் நிற்கிறது, எதிராளி வந்தால் பிளாக் பண்ணித் தடுக்கலாம். அப்புறம் எவன் தினமும் அடிப்பான்? இருவரும் கை கட்டி உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷ ஆட்டம் ஒரு மணி நேரம் இழுத்தது. சும்மா இருப்பதற்குச் சம்பளம் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. 2014-இல் வந்த கான்ஸ் ஆஃப் டார்கிர் செட்டில் 'ரெய்டு' என்று ஒன்று உண்டு, அந்த டர்னில் அட்டாக் பண்ணியிருந்தால்தான் பலன். நான் அதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

இரண்டாம் வடிவத்தில், அட்டாக் பண்ணாத டர்ன் முடிவில் அதன்மேல் ஒரு +1/+1 கவுண்டர், அதாவது இரண்டு பலத்தையும் ஒன்று கூட்டும் அடையாளக் காய். கவுண்டருக்குப் புளியங்கொட்டை. இப்போது யாரும் எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம், கொட்டையை எண்ணினால் போதும். ஆனால் உச்சவரம்பு வைக்க மறந்தேன். ஆறாவது டர்னில் 6/6 தவளை சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

மூன்றாவதுதான் இன்றுவரை நிற்கிறது. கிரீச்சர் களத்துக்கு வரும்போதே ஒரு கொட்டையோடு வரும். அட்டாக் பண்ணும்போது வேண்டுமானால் அதை எடுத்துவிடலாம். எடுத்தால் அந்த டர்னில் யாரும் பிளாக் பண்ண முடியாது. உடம்பு சிறுத்துவிடும், அதுதான் விலை. எப்போது எடுப்பது என்பதில்தான் ஆட்டம். எதிராளிக்கும் கொட்டை கண்ணெதிரே தெரிவதால், இன்றைக்கா நாளைக்கா என்று அவனும் கணக்குப் போடுகிறான்.

இதற்கு நடுவில் 'கூடு' என்று இன்னொன்றும் வைத்திருந்தேன்: செத்த கிரீச்சர் ஒரு -1/-1 கவுண்டரோடு திரும்பி வரும், அந்தக் கவுண்டர் இருந்தால் அடுத்த முறை வராது. 2008-இல் ஷேடோமூர் செட்டில் வந்த 'பெர்சிஸ்ட்' போலத்தான். பதுங்கலுக்காக, களத்துக்கு வரும் ஒவ்வொரு கிரீச்சருக்கும் ஒரு கொட்டை கொடுக்கும் கார்டு ஒன்றும் இருந்தது. விதிப்படி +1/+1-உம் -1/-1-உம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பையன் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டான். கிரீச்சரைப் பலி கொடுத்து 1 டேமேஜ் போடும் கார்டையும் சேர்த்து, சாவது வருவது, சாவது வருவது என்று என் 20 லைஃபையும் ஒரே மூச்சில் முடித்தான். ஒரே செட்டில் இரண்டு வகைக் கவுண்டரும் வைக்காதே என்று பழைய டிசைனர்கள் ஏன் சொல்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. 'கூடு' போய்விட்டது. செத்தால் ஒரு 1/1 பறக்கும் டோக்கன் (கார்டு இல்லாமல் அடையாளத்துக்கு வைக்கும் கிரீச்சர்), அவ்வளவுதான்.

சம்பளம் வாங்கும் டிசைனர்களுக்கும் இது நடக்கிறது என்பதில் ஒரு அற்ப சந்தோஷம். 2020-இல் இகோரியா செட்டோடு வந்த 'கம்பேனியன்' (சீட்டுக்கட்டுக்கு வெளியே ஒரு கிரீச்சரைத் தயாராக வைத்துக்கொள்வது) விதியை ஜூன் மாதமே மாற்றி, 3 மனா கொடுத்து முதலில் கைக்கு எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

தமிழில் எழுதியதில் எதிர்பாராத லாபம் ஒன்று. 'அட்டாக் பண்ணாமல் இருந்திருந்தால்' என்று எழுதினாலே ஒரு வரி போய்விடும். கார்டில் விதி எழுதும் பெட்டியில் ஆறு வரிக்கு மேல் இடமில்லை. முதல் வடிவம் எட்டு வரி, இப்போதையது நாலு. காமன் கார்டில் (எளிதில் கிடைக்கும் சாதாரண வகை) நாலு வரிக்கு மேல் போனால் எழுத்தைச் சின்னதாக்குவதில்லை, கார்டையே திருப்பி எழுதுகிறேன்.

இன்னும் தீராத குறை, கார்டுகளின் ஐந்து நிறங்களில் கறுப்பு. கொட்டையோடு வரும் கறுப்புக் கிரீச்சர் ஒன்பது, பச்சையில் ஐந்து. டிராஃப்ட் (கார்டுகளைச் சுற்றுக்கு விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஆடுவது) ஆடினால் கறுப்புக்குத்தான் அடிதடி. இரண்டைக் குறைக்கச் சொல்கிறான் பையன். அவன் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு வைத்திருக்கும் இரண்டும் நான் ஆசையாக எழுதியவை.