ரேடியோ அலையா, ஒளியா, எக்ஸ் கதிரா: எது முந்தும்?

வெற்றிடத்தில் போட்டியே கிடையாது. ரேடியோ முதல் காமா வரை எல்லாவற்றுக்கும் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். 1983 முதல் மீட்டரையே இந்த எண்ணை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள் என்பதால் இதில் தசமப் புள்ளிக்கே வேலையில்லை. காமாவுக்கு ஆற்றல் அதிகம், அதனால் வேகமும் அதிகம் என்பது பரவலான தப்புக்கணக்கு. ஆற்றலோடு சேர்ந்து ஏறுவது அதிர்வெண்தான்.

குறுக்கே ஒரு பொருள் வந்ததும் கதை மாறுகிறது. காற்றில் நொடிக்குச் சுமார் 90 கி.மீ. மட்டுமே குறையும். கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் ஏறக்குறைய 2,04,000 கி.மீ. ஆகவே 1,000 கி.மீ. தூரத்தைக் கோபுரம் விட்டுக் கோபுரம் தாவும் மைக்ரோவேவ் 3.34 மில்லிநொடியில் கடக்கும், ஃபைபருக்கு 4.9 ஆகும். தரவின் அளவு முக்கியமென்றால் ஃபைபர், தாமதம் முக்கியமென்றால் மைக்ரோவேவ். மழை வலுத்தால் அதுவும் தடுமாறும்.

தண்ணீருக்குள் நிலைமை தலைகீழ். ஒளி 2,25,000 கி.மீ. வேகத்தில் போகும், 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவோ 34,000 கி.மீ.க்கு இறங்கிவிடும். நீர் மூலக்கூறுக்கு ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின். கிகாஹெர்ட்ஸ் அலையின் ஆட்டத்துக்கு மூலக்கூறு முழுதுமே திரும்பித் திரும்பி ஈடுகொடுத்து அலையை இழுத்துப் பிடிக்கும். ஒளியின் ஆட்டம் அதைவிட லட்சம் மடங்குக்கும் மேல் வேகமானது. அதற்கு எலக்ட்ரான்கள் மட்டுமே ஈடுகொடுக்கின்றன.

மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துப் புதைந்த குழாயைத் தேடும் நிலத்தடி ரேடாரில் பலர் சறுக்குவது இங்கேதான். உலர்ந்த மணலில் அலை ஒரு நானோநொடிக்குச் சுமார் 15 செ.மீ. போகும், ஈர மண்ணில் 6 செ.மீ.தான். எதிரொலி 20 நானோநொடியில் திரும்பினால் குழாய் ஒன்றரை மீட்டர் ஆழத்திலும் இருக்கலாம், 60 செ.மீ.யிலும் இருக்கலாம்.

கண்ணாடியில் சிவப்பு ஊதாவை முந்தும். எக்ஸ் கதிருக்குக் கண்ணாடியின் விலகல் எண் (வெற்றிட வேகத்தைப் பொருளுக்குள் அலைமுகடு நகரும் வேகத்தால் வகுத்தால் வருவது) 1-ஐவிட இம்மியளவு குறைவு என்பதால் அலைமுகடுகள் ஒளிவேகத்தைத் தாண்டும். ஆனால் முகடு செய்தியைச் சுமப்பதில்லை. சைகை அந்த எல்லைக்குள்தான்.

விண்வெளியும் முழு வெற்றிடமல்ல. நண்டு நெபுலாவிலுள்ள துடிவிண்மீனின் (சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் பல்சர்) ஒரே துடிப்பு 1.4 கிகாஹெர்ட்ஸில் வந்து, 1.3 நொடிக்கும் மேல் கழித்தே 400 மெகாஹெர்ட்ஸில் வந்து சேரும். வழியிலுள்ள தனி எலக்ட்ரான்கள் தாழ்ந்த அதிர்வெண்ணையே அதிகம் தாமதப்படுத்தும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் என இரண்டில் ஒலிபரப்புவதும் அயனமண்டலத்தின் (தனி எலக்ட்ரான்கள் நிறைந்த மேல் வளிமண்டல அடுக்கு) இதே தாமதத்தைக் கழித்துவிடத்தான்.

கேபிளில் வேகத்தைத் தீர்மானிப்பது செம்பு அல்ல, அதைச் சுற்றியுள்ள காப்பு. திட பாலிஎதிலீன் என்றால் ஒளிவேகத்தில் 66%, நுரைக் காப்பு என்றால் 80%க்கு மேல். பழுது தேடும் கருவியில் எதிரொலி 500 நானோநொடி காட்டினால், வேகக் காரணியை (ஒளிவேகத்தில் கேபிளின் வேகம் எத்தனை பங்கு என்பது) 0.66 என வைத்தால் பழுது 49.5 மீட்டரில், 0.82 வைத்தால் 61.5 மீட்டரில். பன்னிரண்டு மீட்டர் தள்ளித் தோண்டுவீர்கள். அதே ரகக் கேபிளில் 30 மீட்டரை நாடாவால் அளந்து வெட்டி, கருவியில் இணைத்து, அது 30 காட்டும்வரை வேகக் காரணியைத் திருத்திவிட்டுப் பிறகு தேடுங்கள்.