தரங்கம்பாடிக் கடலில் ஆறு ஆண்டுகள்: ட்ரோலிங் ராடும் கம்பிக் கட்டும்

தரங்கம்பாடிக்கும் பழையாறுக்கும் இடையில், கரையை விட்டு அதிகம் விலகாமல், ஃபைபர் படகின் பின்னால் பொய்மீனை இழுத்துச் செல்லும் ட்ரோலிங் முறையில் ஆறு ஆண்டுகளாக வஞ்சிரம், சீலா, பாறை மீன்களைப் பிடித்து வருகிறேன். இதுவரை மூன்று ராடுகள் (தூண்டில் கோல்கள்) வாங்கியிருக்கிறேன். அவற்றுள் விலை குறைந்த ஒன்றுதான் இன்றும் படகில் ஏறுகிறது.

முதலில் வாங்கியது ஏழடி கார்பன் ராடு. எடை குறைவு, கரையில் நின்று வீசுவதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் ட்ரோலிங்கில் ராடு நம் கையில் இருப்பதில்லை. படகோரம் கட்டிய பி.வி.சி. குழாயில் மணிக்கணக்கில் நிற்கிறது. ஐந்து நாட் (மணிக்குச் சுமார் ஒன்பது கிலோமீட்டர்) வேகத்தில் படகு ஓடும்போது வஞ்சிரம் அடித்துத் திரும்பினால், அந்த வெட்டை, அதாவது திடீர் இழுப்பை, முதலில் வாங்குவது ராடின் நுனி. நுனி விறைப்பாக இருந்ததாலும், நீட்சியே இல்லாத பின்னல் நூலை நான் அதில் சுற்றியிருந்ததாலும், மீனின் வாய் கிழிந்து தூண்டில் முள் கழன்றுவிடும். முதல் ஆண்டில் அடித்த மீன்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் போயின. ரீலில் குறை இருக்கும் என்று எண்ணி அதை மாற்றியும் பயனில்லை. அடுத்து வாங்கிய, 50 பவுண்டு நூலுக்கான ராடு ஆழ்கடல் சூரைக்கு உரியது. நான்கு கிலோ சீலாவுக்கு அது வளையவே இல்லை. விற்றுவிட்டேன்.

மூன்றாவது, கண்ணாடி இழையில் செய்த ஆறடி ராடு, 15 முதல் 30 பவுண்டு வரையிலான நூலுக்கு ஏற்றது. அதில் 30 பவுண்டு தங்கூசி, அதாவது ஒற்றை நைலான் இழை, சுற்றியிருக்கிறேன். தங்கூசி சற்று நீளும், நுனி சற்று வளையும். இரண்டும் சேர்ந்து முதல் வெட்டைத் தணித்துவிடுகின்றன. இந்த நுனியால் இன்னொரு நன்மையும் உண்டு. பொய்மீன் ஒழுங்காக நீந்தும்வரை நுனி ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். முகத்துவாரத்தை ஒட்டி ஓடும்போது பிளாஸ்டிக் பையோ பாசியோ முள்ளில் மாட்டினால் துடிப்பு நின்றுவிடும். உடனே இழுத்துப் பார்த்துவிடலாம்.

மூன்றாம் ஆண்டு ஒரே மாதத்தில் மூன்று முறை நூல் அறுந்தது. விற்ற கடையில் நூல் பழையது என்றார்கள். மாற்றிய பிறகும் அறுந்தது. படகோட்டும் அண்ணன்தான், "வளையத்துக்குள்ள பஞ்ச விட்டு இழுத்துப் பாரு தம்பி" என்றார். ராடில் நூல் ஓடும் வளையங்களுள் நான்காவதில் பஞ்சு சிக்கியது. உள்ளே பதித்திருந்த பீங்கானில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத, மயிரிழை போன்ற விரிசல். அன்றுமுதல் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் எல்லா வளையங்களையும் பஞ்சால் துடைத்துப் பார்க்கிறேன்.

ரீலிலிருந்து நூல் ஓடுவதைத் தடுக்கும் பிரேக்கான டிராக்கைக் கைக்கணக்கில் வைப்பதை விட்டுவிட்டு, நூலைத் தொங்கு தராசில் மாட்டி இழுத்து, மூன்றரை கிலோவில் ரீல் விட்டுக்கொடுக்கும்படி வைக்கிறேன். இது 30 பவுண்டு நூலின் தாங்குதிறனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

வஞ்சிரத்தின் பல்லுக்குத் தங்கூசி மட்டும் போதாது. நைலான் உறையிட்ட பலபுரிக் கம்பியைச் சில காலம் பயன்படுத்தினேன். ஒரு கடியில் உறை கிழிந்தாலே உப்புநீர் உள்ளே இறங்கித் துருவேறுகிறது. இப்போது ஏழாம் எண் ஒற்றைக் கம்பியை, அதாவது சுமார் 0.45 மில்லிமீட்டர் தடிமனுள்ளதை, ஒன்றேகால் அடி நீளத்தில் கட்டுகிறேன். முனையைக் கண்ணியாக மடித்து, கம்பியின் இரு பகுதிகளும் ஒன்றையொன்று சமமாகப் பின்னும்படி நான்கு முறுக்கு, அதன்மேல் நெருக்கமாக ஐந்து சுற்று. மிச்சத்தைக் குறட்டால் வெட்டினால் கூர்முனை நின்று விரலைக் கிழிக்கும். முன்னும் பின்னும் அசைத்தால் சுற்றோடு சுற்றாக முறிந்துவிடும். ஒருமுறை மடிந்து கொக்கிபோல் வளைந்த கம்பியை நிமிர்த்திப் பயன்படுத்தவே கூடாது. கம்பிக்கு மேல் இரண்டு மீட்டர் 60 பவுண்டு தங்கூசி, நடுவில் கறுப்பு ஸ்விவல், அதாவது நூல் முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு. வெள்ளி நிற ஸ்விவலை மினுக்கத்துக்காகவே வஞ்சிரம் கடித்து நூலை அறுத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கொள்ளிடத்து வண்டல் கடலில் பரவும் நாட்களில், எத்தனை நல்ல கட்டானாலும் கலங்கல் நீருக்குள் இழுப்பது எனக்குப் பலன் தந்ததில்லை. கலங்கலும் நீலமும் சந்திக்கும் கோட்டின் நீலப் பக்கத்தை ஒட்டியே படகை ஓட்டச் சொல்கிறேன். எனக்குக் கிடைத்த பெரிய வஞ்சிரங்கள் அனைத்தும் அந்தக் கோட்டில் அடித்தவையே.

கரை திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு நன்னீரை மெல்லத் தெளித்து ரீலைக் கழுவ வேண்டும். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும். உலர்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி வைத்தால் உள்ளிருக்கும் வாஷர்கள் நசுங்காமல் இருக்கும். என் ரீலில் இன்னும் பழைய வாஷர்கள்தான் இருக்கின்றன.