செட்டிநாட்டு வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ‘ஏ டைப்’ ஆர்சிசிபி: எதைக் காக்கும், எதைக் காக்காது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் வயரிங் வேலைக்கு ஒதுக்கும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது ஆர்சிசிபிதான், அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். காரணம் இந்த மண். செம்புறாங்கல் பூமி கோடையில் காய்ந்தால் எர்த் குழியின் தடை ஏறிவிடும். 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் பாடியில் ஃபேஸ் பட்டால் மண்ணுக்குப் போவது 2.3 ஆம்பியர்தான் (230ஐ 100ஆல் வகுக்க). 16 ஆம்பியர் எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கு அணையும் பிரேக்கர்) அதற்கெல்லாம் அசையாது. ஆனால் கை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போக 10 மில்லி ஆம்பியர் ஏசி கரண்ட் போதும். ஆர்சிசிபி ஃபேஸில் போவதையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள் விழ (தானாக அணைய) வேண்டும் என்பது தர விதி.

கடையில் மலிவாகக் கிடைப்பது ‘ஏசி டைப்’. பெயரைப் பார்த்து ஏர்கண்டிஷனருக்கானது என்று எண்ண வேண்டாம். வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றில் கசிவு துடிக்கும் டிசியாக (ஒரே திசையில் ஏறி இறங்கும் கரண்ட்டாக) வரலாம், அதை இது கவனிக்காமல் விட்டுவிடும். முகப்பில் அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏசி டைப். அதன் கீழே அரைமேடுகளும் இருந்தால் ஏ டைப். கூடுதல் விலைக்குத் தகும். 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தீத்தடுப்புக்கு மட்டுமே, உயிருக்கு உதவாது.

குறைகளும் உண்டு. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவரே சேர்த்துத் தொட்டால் இதற்குத் தெரியாது. ஓவர்லோடையும் பார்க்காது, எம்சிபி தனியே வேண்டும். வளவில் (முற்றத்தைச் சுற்றிய அறைகளில்) பங்காளிகளுக்குத் தனித்தனி மீட்டர் இருந்து, ஒருவர் அறையின் நியூட்ரல் அடுத்தவர் லைனோடு கலந்திருந்தால் லைட் போட்டதுமே விழும். ஆர்சிசிபியைக் குறை சொல்லாமல் நியூட்ரலைப் பிரியுங்கள். தெருவுக்குத் தெரு நீளும் வீட்டுக்கு ஒன்றே ஒன்று வைத்தாலும் சிறு கசிவுகள் கூடிக் கூடி அடிக்கடி விழும்; கட்டுக்கு (வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும்) ஒன்று நல்லது. திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வீடென்றால், வந்தவுடன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். நாள்பட அசையாமல் இருந்தால் உள்ளே இருக்கும் இயக்கம் இறுகிப்போகும். விழவில்லையென்றால் மாற்றிவிட வேண்டியதுதான்.

மாடியில் சோலார் போட்டவர்கள் இதை நம்பி இருக்கக் கூடாது. பேனல் பக்கத்து டிசி இதன் காவலில் இல்லை. இதயத் துடிப்பைக் குலைக்க ஏசியைவிட டிசி மூன்று, நான்கு மடங்கு வேண்டும் என்பது உண்மை. அதனால் டிசி சாது என்று மேலே ஏறுவது பெரிய தவறு: 10 பேனல் தொடரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், வெயில் இருக்கும்வரை மெயினை அணைத்தாலும் போகாது. 50 ஹெர்ட்ஸ் ஏசி விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், சுவிட்ச் பிரியும்போது எழும் தீப்பொறி அறுகிறது. டிசியில் அந்த இடைவெளியே இல்லை, தீப்பொறி நீண்டு எரியும். சாதாரண ஏசி எம்சிபியை அங்கே மாட்டினால் அதுவே உருகலாம். கழற்றும்போது முதலில் இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கர், பிறகு டிசி ஐசொலேட்டர் (பேனல் லைனைப் பிரிக்கும் சுவிட்ச்), கடைசியில்தான் பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்.