அரியலூர் பட்டறையில் சரிசெய்த இரண்டு இரும்பு டைனோசர்கள்

துருப்பிடித்த தோட்டச் சிலைக்கு மேலாகப் பெயின்ட் அடித்துத் தர எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார்கள். தகட்டைப் பிரித்து, உள்ளே அரித்துப்போனதை வெட்டியெடுத்து, உருவம் கெடாமல் திரும்பக் கட்டித் தருகிறவர்கள்தான் அபூர்வம். அப்படி ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரியலூர் பைபாஸ் ஓரம், பழைய லாரி கேபின்கள் அடுக்கிக் கிடக்கும் இடத்தை ஒட்டி ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. போர்டு கிடையாது. கேட், கிரில், டிராக்டர் டிப்பர்தான் அவர்களுடைய தொழில். என் நர்சரியில் நிற்கும் இரண்டு டைனோசர்களையும் அங்கேதான் கொடுத்தேன்.

இரண்டுமே மூடிப்போன ஒரு ரோட்டோர ஓட்டலின் தோட்டத்திலிருந்து பழைய இரும்பு விலைக்கு வாங்கியவை. ஒன்று நீளக் கழுத்துக்காரன், மூக்கிலிருந்து வால்நுனி வரை 9 அடி, ஜி.ஐ. தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்தது. இன்னொன்று ஆள் உயர டி. ரெக்ஸ், சாதா இரும்புத் தகடு. இரண்டின் கால்களும் மண்ணுக்குள் புதைந்து நின்றதால் கணுக்கால் வரை பொடிப்பொடியாகிவிட்டது. நீளக் கழுத்தின் மேல் இருந்த பச்சை எனாமல் வாழைப்பட்டை மாதிரி உரிந்து தொங்கியது. ஜி.ஐ. தகட்டின் மேல் நேரடியாக எனாமல் அடித்தால் அப்படித்தான் ஆகும். துத்தநாகப் பூச்சோடு எனாமலின் எண்ணெய் வினைபுரிந்து சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகிவிடும், பெயின்ட்டுக்குப் பிடிப்பு போய்விடும். இதற்கு முன் வேறொரு ஊரில் கேட்டபோது, அந்த உரிந்த பெயின்ட் மேலேயே இன்னொரு கோட் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அரியலூர்ப் பட்டறையில் வெல்டிங் செய்யும் தம்பி முதலில் கையில் எடுத்தது ஒரு சின்னச் சுத்தியல். வயிற்றில் ஆரம்பித்து ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு. நல்ல தகடு ‘டங்’ என்றது. அரித்த இடம் ‘சொத்’தென்று அமுங்கியது. அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். டி. ரெக்ஸின் அடிவயிற்றில் மட்டும் கைப்பிடி அளவு துருச் செதிலும் சேறும் கொட்டின. “அக்கா, தண்ணி உள்ள வரத்தான் செய்யும். வந்தது போறதுக்கு வழி விட்டாப் போதும்” என்றார். இப்போது இரண்டுக்கும் அடிவயிற்றிலும் குதிகாலிலும் 8 மி.மீ. துளைகள் இருக்கின்றன. தோட்டத்தில் இரும்புச் சிலை வைத்திருப்பவர்கள் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இந்தத் துளையை மட்டுமாவது போட்டுவிடுங்கள்.

அடுத்து அவர் கேட்ட கேள்விக்காகத்தான் இந்தப் பட்டறையைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். “இது என்ன மிருகம்னு தெரியாம நான் எப்படிக்கா வாலை வெட்டி ஒட்டுறது? படம் இருந்தாக் கொண்டாங்க.”

டி. ரெக்ஸின் வால் தரையில் ஊன்றி மூன்றாவது காலாக நின்றது. ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே அப்படித்தான் நினைத்தார்கள். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1915-ல் நிறுத்திய எலும்புக்கூடு 1990-கள் வரை நிமிர்ந்த உடம்பும் தரையில் இழுபடும் வாலுமாகத்தான் நின்றது. பிறகு பிரித்து, முதுகும் வாலும் படுக்கை மட்டத்தில் இருக்கும்படி மாற்றிக் கட்டினார்கள். நான் கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி சிலையின் வாலை இடுப்பருகே அறுத்தார், உள்ளே பைப் கொடுத்துக் கிடைமட்டமாக ஒட்டினார். அப்புறம் பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கில் இடுப்பைக் கட்டித் தூக்கிக் காட்டினார். முன்னால் அந்தப் பெரிய தலை, பின்னால் வால், நடுவில் இடுப்பு. தராசு மாதிரி சமமாக நின்றது. வாலைக் கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார், தலை உடனே கீழே இறங்கியது. வால் எதற்கு என்று நர்சரிக்கு வரும் பிள்ளைகள் கேட்டால் இனி நான் இதைத்தான் சொல்வேன்.

கையில் மூன்று விரல் இருந்தது. டி. ரெக்ஸுக்கு இரண்டுதான். ஒன்றை அறுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்த உள்ளங்கைகளை ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பி வைத்தார். டி. ரெக்ஸ் வட அமெரிக்காவின் மிருகம். நம் நாட்டில் நர்மதைக் கரையில் கிடைத்து 2003-ல் பெயரிடப்பட்ட ராஜாசாரஸ் என்ற டைனோசராகவே மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். தலையை முழுக்கப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

நீளக் கழுத்துக்காரன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1987-ல் பிருகத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். முதலில் இறைச்சி தின்னும் இனம் என்று எழுதினார்கள். பிற்பாடு அது நீளக் கழுத்துள்ள டைட்டனோசர் வகை என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு ஒன்றே 2 மீட்டர். 2023-ல் வந்த ஒரு கணக்கு அதன் எடையை 100 டன்னுக்கும் மேலே வைக்கிறது. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. மழையில் ஊறி உதிர்ந்துபோயின. மிஞ்சியிருப்பவை படங்களும் குறிப்புகளும்தான். உலகத்திலேயே பெரிய மிருகங்களில் ஒன்று நம் மண்ணில் நடந்திருக்கிறது, அதன் எலும்பை நம்மால் காப்பாற்ற முடியவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. அதன் சாயலில் நிற்கும் ஒரு சிலையாவது மழைக்குத் தாங்கி, சரியான உருவத்தோடு நிற்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன்.

இந்தச் சிலையை முதலில் செய்தவர் முன்னங்காலில் யானைக்கு இருப்பதுபோல ஐந்து நகம் வைத்திருந்தார். டைட்டனோசர்களின் முன்பாதத்தில் பெரும்பாலும் விரலெலும்பே கிடையாது, தூண் மாதிரிதான் தரையில் ஊன்றும். பின்னங்காலில்தான் நகம். முன்னங்கால் நகங்களைக் கிரைண்டரால் வழித்தெடுத்துப் புதுத் தகட்டை வளைத்துச் சுற்றினார்கள். அதற்கு முன்பு வெல்டிங் வரும் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் அகலத்துக்கு ஜி.ஐ. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வேலையைத் திறந்தவெளியில்தான் செய்தார்கள். துத்தநாகப் புகை மூச்சில் ஏறினால் ராத்திரி குளிர்ஜுரம் வரும். இதெல்லாம் யாரும் சொல்லாமல் அவர்களே செய்தது. தகடு மெல்லிசு என்பதால் மெல்லிய கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங், அதுவும் இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்துத்தான். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும்.

பெயின்ட் வேலையும் சுத்தம். இரும்புக்கு வயர் பிரஷ், மிச்சத் துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டர், எபாக்ஸி பிரைமர். ஜி.ஐ.க்குத் தனியாக, துத்தநாகத்தில் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர். இரண்டுக்கும் மேலே பளபளப்பில்லாத பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட் இரண்டு கோட். பளபளக்கும் கிளிப்பச்சையைத்தான் அவர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். நான் செம்மண்ணும் சாம்பலும் கலந்த நிறம்தான் வேண்டும் என்று நின்றேன்.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை, அறுவடை வந்ததும் டிப்பர் வேலைக்குப் போய்விட்டார்கள். எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தைதான். டி. ரெக்ஸின் தாடைக்கு அடியில் தகட்டு விளிம்பு கூர்மையாகவே இருந்தது. சின்னப் பிள்ளைகள் கை வைக்கும் உயரம் அது. எடுத்துச் சொன்னதும் கிரைண்டரில் உப்புத்தாள் மடிப்புகள் கொண்ட ஃப்ளாப் டிஸ்க் போட்டு மழுக்கித் தந்தார்கள். நீங்கள் கொடுத்தால் வண்டியில் ஏற்றுவதற்கு முன் எல்லா விளிம்பையும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டுக்கும் சேர்த்து வெல்டிங்குக்கு 13,500 ரூபாய், பெயின்ட்டுக்கு 6,000 ரூபாய் ஆனது. போகவரக் குட்டியானை வாடகை தனி. இந்த முறை கால்களை மண்ணில் புதைக்கவில்லை. பாதத்துக்குக் கீழே தடித்த பிளேட் வைத்து, கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. போகும்போது மிருகத்தின் படத்தைப் பக்கவாட்டிலும் முன்பக்கமும் தெரியும்படி பிரின்ட் எடுத்துக் கொண்டுபோங்கள், சுவரில் ஒட்டிவைத்துத்தான் வேலை செய்கிறார்கள். கொடுப்பதானால் ஆவணிக்குள் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஈரத்தில் பிரைமர் பிடிக்காது என்று பெயின்ட் வேலையே எடுப்பதில்லை.