வழி போடுவதில் யார் கெட்டி: சளிப்பூஞ்சையா, நாமா?

மூளையே இல்லாத உயிர் மனிதனுக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. சரி, ஃபைசாரம் பாலிசெஃபாலம் என்ற மஞ்சள் சளிப்பூஞ்சையையும் பொறியாளரையும் ஒரே வேலையில் நிறுத்திப் பார்ப்போம்: பல இடங்களை இணைக்கும் வலை. (பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் எக்கச்சக்க உட்கருக்கள் கொண்ட ஒரே செல்.)

நேரம்
சளிப்பூஞ்சை: 2010இல் வெளியான ஆய்வில், ஒரு தட்டில், டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்கள் வரைபடத்தில் இருக்கும் இடங்களில் அதற்கு இரையாக ஓட்ஸ் வைத்தார்கள். சுமார் ஒரே நாளில், ரயில் பாதைக்கு நிகரான வலை தயார்.
மனிதர்: அங்கே முதல் ரயில் ஓடியது 1872இல். வலை விரிந்தது தலைமுறைகளாக.

வேலை செய்யும் விதம்
சளிப்பூஞ்சை: முதலில் விசிறிபோல் எல்லாப் பக்கமும் பரவும். உள்ளே திரவம் முன்னும் பின்னுமாக ஓடும். ஓட்டம் மிகுந்த குழாய் தடிக்கும், குறைந்தது மெலிந்து மறையும். போன இடத்தில் சளித்தடம் விட்டுவைக்கும். பிறகு அந்தத் தடம் எதிர்ப்பட்டால், ஏற்கெனவே போன இடம் என்று பெரும்பாலும் ஒதுங்கிவிடும். நினைவை உடம்புக்கு வெளியே வைத்திருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.
மனிதர்: வரைபடம், கணக்கு, கூட்டம்.

தாக்குப்பிடித்தல்
சளிப்பூஞ்சை: காய்ந்தால் கெட்டியாகி மாதக்கணக்கில் உறங்கும். ஈரம் பட்டால் எழும்.
மனிதர்: தண்ணீரில்லாமல் சில நாள்.

யாருக்காக என்று யோசிப்பது
சளிப்பூஞ்சை: இரை இருக்கும் பக்கம் போகும், அவ்வளவுதான்.
மனிதர்: ஆள் குறைவான ஊருக்கும் பாதை வேண்டும் என்று முடிவெடுப்பார்.

குறைந்த நீளத்தில், ஓர் இணைப்பு அறுந்தாலும் தாங்கும் வலை வேண்டுமென்றால், சளிப்பூஞ்சையிடம் கூச்சப்படாமல் கற்றுக்கொள்ளலாம். எந்த ஊரை விட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் மனிதர்தான் சொல்ல வேண்டும்.