ஜெலுத்தோங் பட்டறையும் என் இஎக்ஸ்5-உம்

மூன்று மாதமாக என் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் நேராகப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. மலேசியாவின் பினாங்கில், பெருநிலத்துப் பிறையில் வீடு, தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் வேலை. தினமும் பினாங்குப் பாலம், 13.5 கிலோமீட்டர். நடுப்பாலத்தில் காற்றடித்தால் இந்த மாதிரி சின்ன மோட்டார் சைக்கிள், அதாவது கப்சாய், ஆடத்தான் செய்யும். இது அந்த ஆட்டம் இல்லை. ஹேண்டில் நேராக இருக்கும்போது எதிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். லேசாகத் திருப்பினால் வராது. கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று அளவுக்கு மேல் திரும்பிவிடும். பக்கத்தில் லாரி வரும்போது பாம்பு மாதிரி ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

வீட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் காட்டினேன். முதலில் டயர் என்றார்கள், மாற்றினேன். அடுத்த வாரம் ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கும் குழாய்களில், கெட்டி ஆயில் ஊற்றினார்கள். மூன்றாவது தடவை கோன் நட்டை, அதாவது ஹேண்டில் திரும்புகிற குண்டு பேரிங்கைப் பிடிக்கும் நட்டை, இறுக்கிவிட்டார்கள். அதோடு மெதுவாகப் போனாலும் ஆட ஆரம்பித்தது.

ஷிப்டில் கூட வேலை செய்பவர்தான் ஜெலுத்தோங் அண்ணனைச் சொன்னார். கடைவீட்டு வரிசைக்குப் பின்னால் இரண்டு மோட்டார் நிற்கிற இடம். பலகையில் பெயர் அழிந்து பல வருஷம் இருக்கும். ஃபோன் அடித்தால் எடுக்கமாட்டார்.

அண்ணன் ஸ்பேனரையே தொடவில்லை. வண்டியை டபுள் ஸ்டாண்டில் போட்டு, என்னைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னார். முன் சக்கரம் தூக்கிக்கொண்டது. ஒரே விரலால் ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் தள்ளினார். "இப்ப நீங்க வந்து தள்ளிப் பாருங்க தம்பி." பின் சீட்டில் அவர் உட்கார்ந்துகொண்டார், நான் தள்ளினேன். சரியாக நடுவில் ஒரு 'டக்'. பழைய ரேடியோ குமிழ் மாதிரி.

கழற்றிக் காட்டியபோதுதான் விளங்கியது. கோன் கிண்ணத்தில் குண்டுகள் உட்கார்ந்த இடமெல்லாம் வரிசையாகக் குழி, குட்டிப் பல்லாங்குழி. நாம் பெரும்பாலும் நேராகத்தானே ஓட்டுகிறோம்? ரோட்டுப் பள்ளத்தின் அடியெல்லாம் அந்த ஒரே இடத்தில் இறங்கி, குண்டு தனக்கென்று குழி பறித்துக்கொள்கிறது. அதை இறுக்கினால் குண்டு இன்னும் ஆழமாகக் குழியில் உட்காரும். கெட்டி ஆயில் ஊற்றினால் ஃபோர்க் நேரத்துக்கு அமுங்காது, அந்த அடியும் கோனுக்கே போகும். ஆக, காசு கொடுத்து வியாதியை வளர்த்திருக்கிறேன்.

ஃபோர்க் ஆயில் பால் ஊற்றாத கோப்பி ஓ நிறத்தில் வந்தது, இரண்டு பக்கமும் வேறு வேறு அளவு. புது ஆயிலை அளவுக் குவளையில் பார்த்துப் பார்த்து ஊற்றினார். சீல் இரண்டும் மாற்றினார். பழைய கிண்ணத்தை நீண்ட கம்பி விட்டு அடியிலிருந்து தட்டி எடுக்கவே அரைமணி நேரம். புது கோன் செட், கிரீஸ், அப்புறம் நட்டைத் துளித் துளியாக இறுக்கி, ஹேண்டில் தன் பாரத்தாலேயே இரண்டு பக்கமும் விழுகிறதா என்று பார்த்தார். ஃபோர்க் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். லூஸ் இல்லை. மொத்தம் 75 வெள்ளி (ரிங்கிட்).

காத்திருந்த நேரத்தில் அவருடைய ஹோண்டா சி70-ஐ ஒரு சுற்று ஓட்டக் கொடுத்தார். அதில் இந்த நீட்டு ஃபோர்க் கிடையாது, சக்கரம் குட்டைக் கையில் தொங்கும். முன் பிரேக் பிடித்தால் என் வண்டி குனியும், அது நிமிர்கிறது! பழகாதவனுக்கு வயிற்றைக் கலக்கும். குனிந்தால் ஹேண்டில் சுருக்காகத் திரும்பும், நிமிர்ந்தால் மந்தமாகும், வளைவில் அதைக் கணக்குப் போட்டு ஓட்டணும் என்றார். தாத்தா காலத்து வண்டி, ஆனாலும் ஆசையாகத்தான் இருந்தது.

குறை? நான்கு மணி நேரம் ஆனது. உட்கார ஒரு தகர டின்தான். நடுவில் இரண்டு பேர் வந்து கதை பேசினார்கள், அண்ணனும் வேலையை நிறுத்திவிட்டுப் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை துன் சர்டோன் ரோட்டில் பாலிக் பூலாவ் வரை போனேன். வளைவுக்கு வளைவு ஹேண்டில் கை சொன்னதைக் கேட்டது. திங்கட்கிழமை பாலத்தில் காற்றுக்கு வண்டி ஆடியது, அது எந்தக் கப்சாய்க்கும் வரும் ஆட்டம்தான்.

போகிறவர்கள் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். பசியாறிவிட்டே போங்கள், கிட்டத்தில் ஒரு ரொட்டி சானாய் கடைகூட இல்லை.